கேளுங்க சொல்றேன்: வீட்டு ரூம்ல இருந்தே டிஜே லைவ்

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். கடலூர்ல இருந்து பாண்டி வரைக்கும் பசங்க எல்லாம் பெட்ரூம்லயே கன்ட்ரோலரை, அதான் பாட்டை மிக்ஸ் பண்ற டிஜே போர்டை, வச்சுகிட்டு லைவ் போக ஆரம்பிச்சிருக்காங்க போல. மைக் செட் வேலை பார்த்த ஆளாச்சே, நீங்களே சமாளிங்கன்னு ஆசிரியர் கேள்விக் கட்டு மொத்தத்தையும் என் பக்கம் தள்ளிட்டாரு. அதனால இந்த இதழ் முழுக்க அதுதான், மண்டபத்து எக்கோ பத்தி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அண்ணா, நான் லாஸ்பேட்டை, காலேஜ் படிக்கிறேன். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெண்டு சேனல் கன்ட்ரோலர் வாங்கியிருக்கேன், வீட்டுல பழைய லேப்டாப் ஒண்ணு இருக்கு. போனை ஸ்டாண்டுல வச்சு இன்ஸ்டா லைவ் போனா, பாட்டு தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு கலாய்க்கிறாங்க. நல்ல மைக் வாங்கணுமா, நல்ல கேமரா வாங்கணுமா? பட்ஜெட் ரொம்ப கம்மி.

ரெண்டும் வேணாம் தம்பி, ஒரு வயரும் ஒரு சின்ன டப்பாவும் வாங்கினா போதும்.

போன்ல இருக்கிற மைக்கு மனுஷன் பேசுறதுக்குன்னு செஞ்சது. சத்தம் ஏறினா அதுவா அமுக்கும், இறங்கினா அதுவா தூக்கும், பேச்சு இல்லாத எதையும் இரைச்சல்னு நினைச்சு வழிச்சு எடுக்கப் பாக்கும். நீங்க எட்டு பார் பில்டப் கொடுத்து டிராப் விடுற அந்த நொடிலதான் அது வால்யூமை இறக்கும், பேஸ் மொத்தமா போயிடும், ஹைஹேட் சோப்பு நுரை ஆயிடும். எத்தனை ஆயிரம் கொடுத்து மைக் வாங்கினாலும் ஸ்பீக்கர்ல இருந்து காத்து வழியா வர்றதைத்தான் அது பிடிக்கும், ரூம் எதிரொலி, ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு குக்கர் விசில் எல்லாம் சேர்ந்துதான் போகும். அதனால சத்தத்தை காத்துல விடாம நேரா வயர்லயே கொண்டு போங்க.

கன்ட்ரோலர் பின்னாடி பாருங்க, செவப்பு வெள்ளைன்னு ரெண்டு ஆர்சிஏ ஓட்டை இருக்கும், மாஸ்டர் அவுட், மிக்ஸ் ஆன பாட்டு வெளிய வர்ற வழி. அதுல இருந்து ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு, அதான் சத்தத்தை லேப்டாப்புக்குள்ள கொண்டு போற சின்ன டப்பாவுக்கு, வயர் போடுங்க. ஆர்சிஏ இன்புட் இருக்கிற சின்னதா ஒண்ணு போதும், பெஹ்ரிங்கர் யூசிஏ 222 மாதிரி உள்ளங்கை சைஸுல வர்றதே தாராளம். அதை லேப்டாப்ல சொருகி, லைவ் அனுப்புற சாஃப்ட்வேரான ஓபிஎஸ்ல ஆடியோ இன்புட்டா அதை செலக்ட் பண்ணுங்க. ஓபிஎஸ் ஃப்ரீ சாஃப்ட்வேர், காசு கேட்டா நீங்க வேற ஏதோ தப்பான சைட்ல இருக்கீங்கன்னு அர்த்தம்.

"ஒரே லேப்டாப்தானே, உள்ளயே எடுத்துக்காதா, எதுக்கு வெளிய போய் உள்ள வரணும்"னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். விஷயம் என்னன்னா விண்டோஸ்ல டிஜே சாஃப்ட்வேர் நிறைய ஆசியோ டிரைவர்ல ஓடும், அது விண்டோஸோட மிக்சரை தொடாம நேரா கன்ட்ரோலருக்கு போயிடும், அதனால ஓபிஎஸ் "டெஸ்க்டாப் ஆடியோ"ன்னு காது கொடுத்து உக்காந்திருந்தாலும் அதுக்கு ஒண்ணும் கேக்காது. லைவ்ல படம் மட்டும் ஓடுது சத்தமே இல்லைன்னு புலம்புறவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு இதுதான் பிரச்சினை. சில புது கன்ட்ரோலர்ல லூப்பேக், அதான் சத்தத்தை திரும்ப லேப்டாப்புக்கே அனுப்புற வசதி, உள்ளயே இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி உங்க மாடலோட மேனுவலை ஒரு தடவை புரட்டிடுங்க, காசு மிச்சம். மேக் வச்சிருக்கிறவங்க பிளாக்ஹோல்னு ஒரு ஃப்ரீ டிரைவர் போட்டு உள்ளயே சுத்தி விடலாம்.

ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க, மாஸ்டர் அவுட்ல இருந்து ஒரு சாதா கன்வர்ட்டர் வயரை போட்டு போனோட ஹெட்போன் ஓட்டைல நேரா குத்துறது. கன்ட்ரோலர்ல இருந்து வர்றது லைன் லெவல், பலமான சிக்னல், போன் எதிர்பாக்குறது மைக் லெவல், ரொம்ப சின்ன சிக்னல், ரெண்டுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, கரகரன்னு கிழிஞ்சுதான் போகும், அதுவும் பல போன்ல மோனோவாதான் உள்ள போகும்.

வயர் போட்டாச்சா, இப்ப லெவல். இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கன்ட்ரோலர்ல செவப்பு லைட் எரியவே கூடாது. "அண்ணா அப்பதான் கிக்கு"ன்னு சொல்ற பசங்க இருக்காங்க, மண்டபத்துல பெரிய ஆம்ப்ளிஃபையர் லிமிட்டர் எல்லாம் வச்சு காப்பாத்திடுவோம், லைவ்ல ஒரு தடவை கிழிஞ்சு போன சத்தத்தை எந்தக் கொம்பனாலயும் தைக்க முடியாது. உங்க லிஸ்ட்லயே சத்தமான பாட்டை போட்டு, ஓபிஎஸ் மீட்டர்ல உச்சம் மைனஸ் 6 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) பக்கம் நிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. ஒவ்வொரு பாட்டுக்கும் கெயின், அதான் உள்ள வர்ற சத்தத்தோட அளவு, வேற, 80கள்ல வந்த பாட்டு அடங்கி இருக்கும், இப்ப வர்றது எல்லாம் கத்தும், பாட்டு மாத்தும்போது ஃபேடரை தூக்குறதுக்கு முன்னாடி கெயினை பாருங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல ஆடியோ பிட்ரேட் 160னு இருக்கும், அதை 320 ஆக்குங்க. சாம்பிள் ரேட் ஒரு இடத்துல 44.1, இன்னொரு இடத்துல 48னு இருந்தா நேரம் போகப் போக டிக் டிக்னு சத்தம் வர வாய்ப்பு இருக்கு, எல்லா இடத்துலயும் ஒண்ணா வைங்க. இரைச்சலை வழிச்சு எடுக்கிற நாய்ஸ் சப்ரஷன்னு ஒரு ஃபில்டர் இருக்கும், அதை பேச்சு மைக்குக்கு மட்டும் போடுங்க, பாட்டு வர்ற லைனுக்கு போட்டீங்கன்னா போன் மைக் கதைதான் திரும்பவும்.

கேமராவுக்கு உங்க போனே போதும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க, சத்தம் கரகரத்தா பத்து செகண்டுல ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவாங்க. 2010ல லண்டன்ல பாய்லர் ரூம் ஆரம்பிச்சப்ப ஒரு வெப்கேமை செவுத்துல டேப் போட்டு ஒட்டித்தான் ஆரம்பிச்சாங்க, உலகமே அதைத்தான் உக்காந்து பாத்துச்சு.

இன்னொண்ணு மறந்துட்டேன் பாருங்க. யூடியூப்ல போன்ல இருந்து லைவ் போகணும்னா 50 சப்ஸ்கிரைபர் வேணும், கம்ப்யூட்டர்ல இருந்து போக அது தேவையில்ல, ஆனா முதல் தடவை லைவ் வசதியை ஆன் பண்ணினா 24 மணி நேரம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லும். அதனால "இன்னிக்கு நைட் லைவ்"னு ஸ்டேட்டஸ் வச்சுட்டு சாயங்காலம் போய் அக்கவுண்ட் திறக்காதீங்க.

சார், திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதுறேன். யூடியூப்ல லைவ் போய்ட்டு இருந்தப்ப அரை மணி நேரத்துல படத்தையே மறைச்சு ஏதோ போர்டு போட்டுட்டாங்க. போட்டது எல்லாம் சினிமா பாட்டு ரீமிக்ஸ்தான். பிட்ச்சை கொஞ்சம் ஏத்தினா மாட்டாது, 30 செகண்டுக்குள்ள பாட்டை மாத்திட்டா மாட்டாது, கீழ "நோ காப்பிரைட் இன்டெண்டட்"னு போட்டா மாட்டாதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது நிஜம்?

மூணும் நிஜம் இல்ல. 30 செகண்ட் வரைக்கும் ஃப்ரீன்னு நம்ம சட்டத்துல ஒரு வரி கிடையாது, யாரோ எப்பவோ கிளப்பி விட்டது, இன்னும் ஓடிட்டு இருக்கு. "எனக்கு காப்பிரைட் எண்ணம் இல்ல"ன்னு எழுதுறது, அடுத்தவன் பைக்கை எடுத்துட்டுப் போறப்ப சீட்டுல மன்னிப்பு எழுதி வச்சுட்டுப் போற மாதிரி. பிட்ச் ஏத்துறது சில நேரம் தப்பிக்கும், பல நேரம் மாட்டும், மாட்டாம போனாலும் அனுமதி கிடைச்சதுன்னு ஆகாது, அதுக்கு மேல நல்ல பாட்டை எல்லாம் எலிக்குஞ்சு குரல்ல கேக்க யாரு வருவா?

யூடியூப்ல கன்டென்ட் ஐடின்னு ஒண்ணு இருக்கு. கம்பெனிங்க தங்களோட பாட்டை எல்லாம் அதுகிட்ட கொடுத்து வச்சிருப்பாங்க, அது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எடுத்து வச்சுக்கும். லைவ் ஓடும்போதே அது கேட்டுகிட்டே இருக்கும், பொருத்தம் வந்துச்சுன்னா முதல்ல எச்சரிக்கும், நீங்க நிறுத்தலைன்னா படத்தை மறைச்சு ஒரு போர்டு போடும், அதுக்கும் மேல போனா லைவையே வெட்டிடும். கம்பெனி நேரா புகார் கொடுத்து ஸ்ட்ரைக் வந்துச்சுன்னா அது வேற கேஸு, 90 நாளுக்குள்ள மூணு வாங்கினா சேனலே போயிடும். உங்களுக்கு வந்தது போர்டு மட்டும்தான்னு நினைக்கிறேன், யூடியூப் ஸ்டூடியோல போய் ஸ்ட்ரைக் ஏதாச்சும் விழுந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஒரு சினிமா பாட்டுல ஒரு உரிமை இல்ல, குறைஞ்சது ரெண்டு இருக்கு. மெட்டும் வரியும் ஒரு பக்கம், ரெக்கார்ட் பண்ணின அந்த ஒலி இன்னொரு பக்கம். மண்டபத்துலயோ ஓட்டல்லயோ பாட்டு போடுறதுக்கு லைசன்ஸ் வாங்குற கதைல பிபிஎல், ஐபிஆர்எஸ்னு ரெண்டு பேர் அடிபடுது பாருங்க, அது அதனாலதான், பிபிஎல் ரெக்கார்டிங்குக்கு, ஐபிஆர்எஸ் மெட்டுக்கும் வரிக்கும். கல்யாண வீட்டுல பாட்டு போடுறதுக்கு நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துலயே விலக்கு இருக்கு, 2023ல மத்திய அரசும் அதை ஒரு அறிவிப்பா சொல்லுச்சு. அதை கேள்விப்பட்டுட்டு "கல்யாணத்துல போடலாம்னா லைவ்லயும் போடலாம்"னு நம்ம டிஜே பசங்க சிலர் வாதம் பண்றாங்க. அந்த விலக்கு அந்த விழாவுக்குத்தான், ஊர் உலகத்துக்கு நெட்டுல ஒளிபரப்புறதுக்கு இல்ல.

அப்ப என்னதான் பண்றது? ஒரு வழி, மிக்ஸ்கிளவுட். டிஜே மிக்ஸுக்குன்னே இருக்கிற சைட், கம்பெனிங்ககிட்ட ஒப்பந்தம் போட்டு அவங்களே ராயல்டி கட்டுறாங்க, 2020ல லைவும் கொண்டு வந்தாங்க. லைவ் போக காசு கட்டின அக்கவுண்ட் வேணும். கூட்டம் கம்மிதான், ஆனா நடுவுல யாரும் பிளக்கை பிடுங்க மாட்டாங்க. ட்விட்ச்னு இன்னொரு லைவ் சைட், அதுல 2024ல டிஜேக்குன்னு தனி திட்டம் கொண்டு வந்தாங்க, யுனிவர்சல், சோனி, வார்னர் மூணும் அதுல இருக்கு, நீங்க சம்பாதிக்கிறதுல ஒரு பங்கு பாட்டுக் கம்பெனிங்களுக்கு போகும். ஆனா அது லைவுக்கு மட்டும்தான், முடிஞ்சப்புறம் ரெக்கார்டிங்கை அங்கயே விட்டு வைக்கக் கூடாது. அப்புறம் நம்ம தமிழ்ப் பாட்டு எல்லாமே அந்த மூணு கம்பெனிகிட்டதான் இருக்குன்னு எண்ணிக்காதீங்க, இங்க லேபிளுக்கு லேபிள் கணக்கு வேற.

எனக்கு பிடிச்ச வழி இன்னொண்ணு இருக்கு, கொஞ்சம் வேலை வைக்கும். பழசை தோண்டுங்க. நம்ம சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த வருஷத்துல இருந்து 60 வருஷம்தான் ஆயுசு. ஆனா உடனே பழைய பாகவதர் பாட்டை எடுத்துட்டு ஓடிடாதீங்க, வரிக்கும் மெட்டுக்கும் எழுதினவர் இறந்தப்புறம் 60 வருஷம். பாகவதருக்கு நிறைய பாட்டு எழுதின பாபநாசம் சிவன் 1973ல காலமானாரு, அப்ப அவரு எழுதின வரிக்கு 2033 முடியிற வரைக்கும் உரிமை இருக்கு, ரெக்கார்டு எவ்வளவு பழசா இருந்தாலும் சரி. இதே கணக்குல பாரதியையும் பாரதிதாசனையும் பாருங்க, ரெண்டு பேரு எழுத்தும் நாட்டுடைமை. நம்ம ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல குடியிருந்து எழுதினவரு ஒருத்தரு, பாண்டிலயே பொறந்தவரு இன்னொருத்தரு, அவங்க வரியை பாடத் தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்டை பிடிச்சு, உங்க ரூம்லயே ரெக்கார்ட் பண்ணி, பீட்டை நீங்களே போட்டு வாசிச்சீங்கன்னா எவனும் கை வைக்க முடியாது. சினிமால வேற ஒருத்தர் மெட்டு போட்ட பாரதி பாட்டை மட்டும் எடுக்காதீங்க, வரி ஃப்ரீ, மெட்டு ஃப்ரீ இல்ல. பறை, தவில், உருமி அடிக்கிற ஆளுங்க நம்ம பக்கத்துல எத்தனை பேரு இருக்காங்க, போய் கேட்டு, காசு கொடுத்து, ஒரு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்க. லைவ்ல அதை லூப் போட்டு ஹவுஸ் பீட்டுக்கு மேல ஏத்தினா, அந்த சவுண்டு வேற எந்த ஊரு டிஜேகிட்டயும் இருக்காது. என்ன, அவங்க பேரை டிஸ்கிரிப்ஷன்ல போடுங்க, சும்மா "நாட்டுப்புற பீட்"னு போட்டுட்டு போகாதீங்க, அது எனக்கு ஆகவே ஆகாது.

முத்தியால்பேட்டைல இருந்து ஒரு அம்மா எழுதுறேன். என் பையன் ராத்திரி பதினொண்ணுக்குத்தான் "லைவ்"னு ஆரம்பிக்கிறான். செவுரே அதிருது. பக்கத்து வீட்டுல தினம் சண்டை. கேட்டா "சவுண்டு வைக்காம எப்படிம்மா லைவ் போறது"ன்னு எதிர்த்து பேசுறான். நீங்களாச்சும் சொல்லுங்க.

அம்மா, உங்க பையன் உங்ககிட்ட கதை விட்டிருக்கான். லைவ் போறதுக்கு ஸ்பீக்கரே வேணாம். மேல லாஸ்பேட்டை தம்பிக்கு சொன்ன மாதிரி சத்தம் வயர்லயே போயிடும், அவன் காதுல ஹெட்போன் மாட்டிகிட்டா போதும், பாக்குறவங்களுக்கு மண்டபம் மாதிரி கேக்கும், உங்களுக்கு ஃபேன் சத்தம்தான் கேக்கும். ஒரு வாரம் ஸ்பீக்கர் வயரை நீங்க எடுத்து பீரோவுல வச்சுப் பாருங்க, லைவ் நிக்காம ஓடும்.

தம்பி, நீயும் இதை படிப்பேன்னு தெரியும். குடியிருப்பு பகுதில ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் சத்த அளவு 45 டிபின்னு 2000ல வந்த ஒலி மாசு விதிலயே இருக்கு, அது ரெண்டு பேரு மெதுவா பேசுற அளவு. குறிப்பா பேஸ், அது செவுத்துல நிக்காது, உன் ரூம்ல கம்மியா கேட்டாலும் அடுத்த வீட்டு கட்டில்ல போய் அதிரும். ரூம்ல சத்தம் இல்லைன்னா ஆட வரலைன்னு தோணும், அது உண்மைதான், அதுக்கு சின்ன ஸ்பீக்கர் ஒண்ணை காதுகிட்ட மெதுவா வச்சு பழகிக்கோ. ஹெட்போனையும் முழுசா ஏத்தி வைக்காத, 80 டிபில வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான் காதுக்கு பாதுகாப்பு, 90 டிபி ஆனா வாரத்துக்கு 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உனக்கு அது ரெண்டே லைவ்.

அரியாங்குப்பம். லேப்டாப் சார்ஜர் போட்டா லைவ்ல "ம்ம்ம்ம்"னு ஒரே சத்தம், கழட்டினா நின்னுடுது. பேட்டரி ஒரு மணி நேரம்தான் வரும். என்ன பண்ணலாம்?

கழட்டினா நிக்குதுன்னு நீங்களே பாதி கண்டுபிடிச்சிட்டீங்க. கிரவுண்ட் லூப். லேப்டாப் ஒரு பிளக், கன்ட்ரோலர் இன்னொரு பிளக், ஸ்பீக்கர் வேற ரூம்ல இருந்து இழுத்த வயர், இப்படி ஆளுக்கு ஒரு வழியா எர்த்துக்கு போறப்ப நடுவுல ஆடியோ வயர் வழியாவும் கரண்ட் சுத்தும், அதுதான் அந்த ம்ம்ம். எல்லாத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல மாட்டிப் பாருங்க, பல வீட்டுல இதோடயே முடிஞ்சிடும். முடியலைன்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ஆர்சிஏ வயர் நடுவுல மாட்டுற சின்ன டப்பா, கார் ஆடியோ கடைலயே கிடைக்கும். சிலர் மூணு பின் பிளக்ல எர்த் பின்னை உடைச்சுட்டு "சத்தம் போச்சு"ன்னு சந்தோஷப்படுவாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க, சத்தத்தோட சேர்ந்து ஆளும் போகலாம். நம்ம பக்கம் பழைய வீடு நிறையா, எர்த்தே சரியா இருக்காது, எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு ஒரு தடவை செக் பண்ணச் சொல்லுங்க, டிஜேவுக்காக இல்ல, வீட்டுக்காக. இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப மட்டும் இரைச்சல் வந்தா அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருக்கும், அதுக்கு சைன் வேவ்தான் மருந்து.

தேவனாம்பட்டினம் அண்ணா. வாங்கி ஒரு வருஷம் கூட ஆகல, கிராஸ்ஃபேடர் தொட்டாலே கர்ர்ர்னு கத்துது. வாரன்டிக்கு போனா தண்ணி பட்டிருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, தண்ணியே படல.

கடல் பட்டிருக்கு. சில்வர் பீச் பக்கம் வீடு, ஜன்னலை தொறந்து வச்சா உப்புக்காத்து தினம் உள்ள வரும், ஃபேடர் தடத்துலயும் ஆர்சிஏ ஓட்டைலயும் பச்சையா பூத்து உக்காந்திருக்கும், பாத்தா தண்ணி பட்ட மாதிரியேதான் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் கடைல கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, ஃபேடருக்குன்னு கேட்டு வாங்குங்க, பவரை ஆஃப் பண்ணிட்டு லேசா ஒரு தடவை அடிச்சு இருபது தடவை இப்படி அப்படி இழுத்து விட்டு நல்லா காய விடுங்க. தேங்காய் எண்ணெய், சைக்கிள் ஆயில் எல்லாம் வேணாம், தூசி ஒட்டிக்கும். அப்புறமும் கத்தினா ஃபேடரை மட்டும் மாத்திக்கலாம், மொத்த போர்டையும் தூக்கிப் போட வேண்டியதில்ல. வேலை முடிஞ்சா மூடி வைங்க, கவருக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு.

முதுநகர்ல இருந்து. வீட்டுல வைஃபை கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். ஒரு நாளைக்கு 2 ஜிபி. லைவ் போக முடியுமா? மழைக்காலத்துல என்ன பண்றது?

கணக்கு போட்டுடுவோம். 720பில தெளிவா அனுப்ப வீடியோவுக்கு 3000 கேபிபிஎஸ், சத்தத்துக்கு 320, சேர்த்தா ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒன்றரை ஜிபி. அப்ப உங்க 2 ஜிபில ஒரு மணி நேரம் இருபது நிமிஷம், அதுவும் காலைல இருந்து ரீல்ஸ் பாக்காம இருந்தா. முடியும்தான், ஆனா டவுன்லோட் ஸ்பீடை பாத்து ஏமாந்துடாதீங்க, நமக்கு வேணும்கிறது அப்லோட். ஸ்பீட் டெஸ்ட்ல அப்லோட் நீங்க அனுப்பப் போறதுக்கு ரெட்டிப்பு இருக்கணும், 6, 7 எம்பிபிஎஸ், அதுவும் நீங்க லைவ் போகப் போற அதே நேரத்துல பாருங்க, மத்தியானம் பறக்கிற நெட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பாக்குறப்ப நொண்டும். போனை ஜன்னல்கிட்ட வச்சு, வைஃபைக்கு பதிலா யூஎஸ்பி வயர்லயே டெதரிங் போடுங்க, போன் சூடாகும், கீழ தலைகாணி வைக்காதீங்க. நெட்டு திணறுச்சுன்னா வீடியோவை குறைங்க, 1500 போதும், சத்தத்துல கை வைக்காதீங்க.

மழைக்காலம்னா, தானே புயலை பாத்த ஊருக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? 2011 டிசம்பர்ல நமக்கு கரண்ட் திரும்ப எத்தனை நாள் ஆச்சு, ஃபெஞ்சல் 2024 நவம்பர் கடைசில பாண்டி பக்கத்துல கரையேறினப்ப என்ன ஆச்சு. ஐப்பசி கார்த்திகைல லைவ் டேட்டை போஸ்டர் அடிச்சு விளம்பரப்படுத்தாதீங்க, அவ்வளவுதான். சும்மா வந்து போற கரண்ட் கட்டுக்கு, பிராட்பேண்ட் இருக்கிறவங்க ரூட்டருக்குன்னே வர்ற சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கி மாட்டலாம், லேப்டாப் பேட்டரில நிக்கும், ரூட்டர்தான் முதல்ல சாகும். அப்புறம் எப்பவும் ஓபிஎஸ்ல ஸ்ட்ரீமோட சேர்த்து ரெக்கார்டிங்கையும் ஆன் பண்ணுங்க, எம்கேவி ஃபார்மட்ல, நடுவுல கரண்ட் போனாலும் அதுவரைக்கும் பதிஞ்சது கெட்டுப் போகாது.

பாண்டி, மிஷன் வீதி. எங்க தாத்தா பாட்டிக்கு இங்க எண்பதாம் கல்யாணம், பாதி சொந்தம் பாரீஸ்ல. நான் இங்க டிஜே பண்றதை அவங்க அங்க இருந்து பாத்து கூடவே ஆடணும்னு ஆசை. யூடியூப்ல "அன்லிஸ்டட்" போட்டா போதுமா?

அன்லிஸ்டட்னா லிங்க் இருக்கிறவங்க மட்டும்தான் பாக்க முடியும், அதனால ஊர்க்காரங்க கண்ணுல படாது, கன்டென்ட் ஐடி கண்ணுல படும். நடுவுல கட் ஆகி பாரீஸ் அத்தைங்க எல்லாம் போன் பண்ணி உங்களை வறுத்துடுவாங்க. இன்னொரு சிக்கல், யூடியூப்ல சாதாரண செட்டிங்ல நீங்க இங்க போடுறது அங்க போய் சேர அரை நிமிஷம் கூட ஆகும், அந்தத் தாமதத்துக்குத்தான் லேட்டன்சின்னு பேரு, அல்ட்ரா லோ லேட்டன்சி போட்டா அஞ்சு செகண்டுக்குள்ள வரும், அப்பவும் தாத்தா கேக் வெட்டி முடிச்சப்புறம்தான் அங்க கை தட்டுவாங்க.

உங்களுக்கு ஜூம்தான் சரி. இருக்கிற நாற்பது அம்பது பேரு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கணும், அதானே வேணும்? ஆடியோ செட்டிங்ஸ்ல "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்"னு ஒண்ணு இருக்கு, அதை ஆன் பண்ணி, ஹை ஃபிடிலிட்டியும் ஸ்டீரியோவும் டிக் பண்ணுங்க, இல்லைன்னா நாதஸ்வரத்தையே இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும். அங்க இருக்கிறவங்க எல்லாரையும் மியூட்ல வைங்க, பாட்டுக்கு நடுவுல மட்டும் திறந்து விடுங்க. ஃப்ரீ அக்கவுண்ட் 40 நிமிஷத்துல வெட்டிடும், ஒரு மாசத்துக்கு மட்டும் காசு கட்டிடுங்க.

நேரத்தை பாத்துக்கோங்க. பாரீஸ் நம்மள விட வெயில் காலத்துல மூன்றரை மணி நேரம் பின்னாடி, குளிர் காலத்துல நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்க கடிகாரத்தை மாத்துவாங்க, அந்த வாரத்துல விழா வந்துச்சுன்னா ரெண்டு தடவை கேட்டுக்கோங்க. இங்க சாயங்காலம் ஏழுக்கு வச்சீங்கன்னா அங்க மத்தியானம், ஞாயித்துக்கிழமைன்னா சாப்பிட்டுட்டு குடும்பத்தோட உக்காந்திருப்பாங்க. காலைல முகூர்த்தத்தோட சேர்த்து வைக்கலாம்னு நினைச்சீங்கன்னா அங்க நடு ராத்திரி, யாரும் வர மாட்டாங்க.

நெல்லிக்குப்பம் அண்ணே. என் கை அசையிறதுக்கும் பாட்டுக்கும் பொருந்தவே மாட்டேங்குது, பாக்குறவங்க "பிளேபேக்கா"ன்னு கேக்குறாங்க. அதுவும் பாக்குறதே நாலு பேரு, அதுல ரெண்டு அக்கவுண்ட் என்னோடது.

முதல் பிரச்சினை சுலபம். கேமரா படம் லேப்டாப்புக்கு வந்து சேர கொஞ்சம் லேட்டாகும், வயர்ல வர்ற சத்தம் முந்திக்கும். கேமரா முன்னாடி நின்னு ஃபேடரை டக்குனு வெட்டி ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, திரும்ப போட்டு மெதுவா பாருங்க, எவ்வளவு முந்துதோ அவ்வளவு மில்லி செகண்டை ஓபிஎஸ்ல அட்வான்ஸ்டு ஆடியோ பிராப்பர்ட்டீஸ்ல சிங்க் ஆஃப்செட்ல போடுங்க. 100ல ஆரம்பிச்சு ஏத்தி இறக்கிப் பாருங்க. கேமரா மாத்தினா திரும்பவும் பாக்கணும். டியூப்லைட் வெளிச்சத்துல படம் படபடன்னு அடிச்சா கேமரா செட்டிங்ல 60னு இருக்கிறதை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்க.

ரெண்டாவது பிரச்சினை. 2020 மார்ச்ல லாக்டவுன்ல டி-நைஸ்னு ஒரு அமெரிக்க டிஜே வீட்டு கிச்சன் பக்கத்துல நின்னுகிட்டு இன்ஸ்டால வாசிச்சாரு, ஒரே நேரத்துல லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. அவரு பண்ணின ஒரு வேலையை மட்டும் கவனிங்க, உள்ள வர்றவங்க பேரை படிச்சு வணக்கம் சொல்லிகிட்டே இருந்தாரு. உங்களுக்கு வர்ற ரெண்டு பேரும் யாருன்னு பேரு சொல்லி கூப்பிடுங்க, என்ன பாட்டு வேணும்னு கேளுங்க, லேட்டா வர்ற கமெண்டுக்கு கோவிச்சுக்காதீங்க, லேட்டன்சி. வாரா வாரம் ஒரே கிழமை ஒரே நேரம் போங்க, ஒரு மணி நேரத்துல முடிங்க, அப்புறம் உங்க ரெண்டாவது அக்கவுண்டுல இருந்து "செம்ம மாஸ் தலைவா"ன்னு நீங்களே கமெண்ட் போடுறதை நிறுத்துங்க, அதே எழுத்துப்பிழை உங்க டைட்டில்லயும் இருக்கு.